விலைக்கு வந்த அபிப்பிராயம்

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் நடுப்பகுதியில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலமான கிம் கர்தாஷியன், அப்போது இன்ஸ்டாகிராமில் தம்மைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த 20 கோடிக்கும் மேற்பட்ட ஜனங்களை நோக்கி, உங்களுக்கெல்லாம் கிரிப்டோவில் ஈடுபாடு உண்டா என்று விசாரித்துவிட்டு, இது முதலீட்டு ஆலோசனை அன்று, நண்பர்கள் எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன், அவ்வளவே என்ற பீடிகையோடு, ‘எத்தீரியம் மேக்ஸ்’ என்னும் டோக்கனைப் பற்றிச் சில வரிகள் வெளியிட்டார். அந்த டோக்கனை நடத்துவோர் தங்கள் கைவசம் வைத்திருந்த இருப்பில் பாதியை, அதாவது 400 லட்சம் கோடி டோக்கன்களை, வாங்கியவர்களின் நன்மைக்காகச் சற்று முன்புதான் எரித்துவிட்டார்கள், அதாவது புழக்கத்திலிருந்தே அகற்றிவிட்டார்கள் என்ற சமாசாரமும் அதில் இருந்தது. அந்தச் சில வரிகளுக்காக அவருக்குக் கிடைத்த சன்மானம் 2,50,000 டாலர்.

வரிகளின் அடியில், மற்ற ஹேஷ்டேக்குகளோடு சேர்ந்து, விளம்பரம் என்பதைக் குறிக்கும் ‘ஆட்’ என்ற ஹேஷ்டேக்கும் இருக்கத்தான் செய்தது. அப்படியிருந்தும், 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி, அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையமான எஸ்.இ.சி., அந்த அம்மையார் 10 லட்சம் டாலர் அபராதமும், பெற்ற சன்மானத்தை வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 2,60,000 டாலரும் செலுத்தவும், மூன்று ஆண்டுகளுக்குக் கிரிப்டோப் பத்திரங்கள் எதையும் பிரபலப்படுத்தாமல் இருக்கவும் சம்மதித்துவிட்டார் என்று அறிவித்தது. குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அமெரிக்காவில் இத்தகைய சமரசங்களின் வழக்கமான சம்பிரதாயம் அது.

விளம்பரம் என்று சொல்லிவிட்ட பிறகும் ஒருவரை எதற்காகத் தண்டிக்க வேண்டும் என்று வாசகர் கேட்பது நியாயமே. விளம்பரம் என்று சொன்னது போதாது, யார் கொடுத்தார்கள், எந்த உருவத்தில் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும் என்பதே ஆணையத்தின் பதில். கிரிப்டோவைப் புகழ்ந்து பேசி வருமானம் ஈட்டும் இன்ஃப்ளூயன்சர்கள் தங்கள் சன்மானத்தை வெளியிட வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்தில், வெளியிட வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. எதை வெளியிட வேண்டும் என்ற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது என்பது எம் அபிப்பிராயம்.

முதலில் அந்த டோக்கனைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 முதல் இயங்கிவரும், பிட்காயினுக்கு அடுத்தபடியாகப் பெயர் பெற்ற எத்தீரியத்துக்கும், ‘எத்தீரியம் மேக்ஸ்’ என்ற இந்தச் சரக்குக்கும், பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.ஏ.யின் அப்போதைய தலைவர் சார்லஸ் ராண்டல், 2021 செப்டம்பரில் நிகழ்த்திய ஓர் உரையில் இதை எடுத்துக்காட்டி, ஒரு மாதத்துக்கு முன்புதான் இன்னாரென்று தெரியாதவர்களால் உருவாக்கப்பட்ட ஒரு சூதாட்ட டோக்கனுக்குக் கிடைத்த இந்த விளம்பரம், ஒரே சமயத்தில் மிக அதிகமான ஜனங்களைச் சென்றடைந்த நிதி விளம்பரமாகச் சரித்திரத்திலேயே இருக்கக்கூடும் என்று சொன்னார். இத்தகைய டோக்கன்களுக்குப் பின்னால் ஆலையோ, விளைநிலமோ, லாபப் பங்கோ, வட்டியோ எதுவும் இல்லை. அடுத்து வாங்க வருபவர் கொடுக்கும் விலையே அவற்றின் மதிப்பு. சந்தையில் கைமாறும் பணம் சொற்பமாகையால், சில ஆயிரம் பேர் ஒரே நாளில் வாங்கப் புகுந்தாலே விலை எழும்பிவிடும்; எழும்பிய விலையைக் காட்டி இன்னும் சில ஆயிரம் பேரை அழைக்கலாம்; அதற்குள் ஆதியில் வாங்கி வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டு வெளியேறிவிடலாம். ஆகவே இந்தச் சந்தையில், ஒரு பிரபலஸ்தரின் வாய்ச்சொல் சரக்கைப் பற்றிய செய்தியாக மட்டும் நிற்பதில்லை. சரக்கின் விலையை ஆக்குவதே அந்த வாய்ச்சொல்தான். சோப்புக்கு நடிகை விளம்பரம் செய்தால், அந்தச் சோப்பு அழுக்கை நீக்கும் சக்தி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. டோக்கனின் விஷயம் அப்படியல்ல.

எஸ்.இ.சி. இந்த வழக்குக்கு ஆதாரமாகக் கொண்ட விதி கிரிப்டோவுக்காகப் புதிதாக இயற்றப்பட்டதன்று. 1933-ஆம் ஆண்டுப் பத்திரங்கள் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ‘பி’ என்ற உட்பிரிவாக அது இருக்கிறது. இணையம் என்ற எண்ணமே எவருக்கும் உதித்திராத காலத்தில் எழுதப்பட்ட அந்தச் சில வரிகள், இன்ஸ்டாகிராமுக்கு அப்படியே பொருந்துவதைப் பார்க்கும்போது, மனித சுபாவத்தைப் பற்றி அதை எழுதியவர்களுக்கு இருந்த ஞானத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஞானம் அவர்களுக்கு எளிதில் வந்துவிடவும் இல்லை.

1929-இல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து, லட்சக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு கரைந்துபோன பின்பு, அந்தச் சரிவுக்கு முந்திய ஆண்டுகளில் என்னதான் நடந்தது என்று அமெரிக்க செனட் சபையின் குழு ஒன்று விசாரிக்கத் தொடங்கியது. 1932-ஆம் ஆண்டு ஏப்ரலில், அப்போது காங்கிரஸ் அங்கத்தினராக இருந்தவரும், பிற்காலத்தில் நியூயார்க் நகர மேயராகி, இன்று அங்குள்ள விமான நிலையம் ஒன்றுக்குத் தம் பெயரையே கொடுத்திருப்பவருமான ஃபியோரெல்லோ லாகார்டியா, பெட்டி நிறைய தஸ்தாவேஜுகளோடு அந்தக் குழுவின் முன் வந்து நின்றார். நியூட்டன் பிளம்மர் என்ற விளம்பரகர்த்தர் ஒருவர், பங்கு விலைகளை ஏற்றிவிட விரும்பிய தரகர் கோஷ்டிகளிடம் பணம் பெற்று, அதில் ஒரு பகுதியை நியூயார்க்கின் பெயர்பெற்ற பத்திரிகைகளில் நிதிப் பகுதி எழுதிவந்தவர்களுக்குக் காசோலைகளாகக் கொடுத்து, குறிப்பிட்ட பங்குகளைப் புகழ்ந்து எழுதச் செய்திருந்தார்; அந்தக் காசோலைகள்தாம் பெட்டியில் இருந்தன. 1920-களில் பிளம்மர் இவ்வாறு பிரசாரத்துக்காகச் செலவிட்ட தொகை ஏறக்குறைய 2,86,000 டாலர். அன்றைய டாலரின் மதிப்பு வேறு, இன்றைய டாலரின் மதிப்பு வேறு என்பது உண்மையே. ஆயினும் ஒரு தசாப்தத்தில் ஒரு நகரத்தின் நிதி எழுத்தாளர்களை வளைப்பதற்குச் செலவான தொகையை, ஒரே அம்மையாரின் சில வரிகள் ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டன என்பதையும் மறுப்பதற்கில்லை.

பத்திரிகையோடு விஷயம் நிற்கவில்லை. அக்காலத்தின் புதுமையான வானொலியில், பொருளாதார ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் தலைவர் என்ற கம்பீரமான பட்டத்தோடு தோன்றி, பங்குகளைப் பற்றி நடுநிலையாளரைப் போல் உபந்நியாசம் செய்துவந்த ஒருவருக்கு, அந்தப் பங்குகளின் விலையை ஏற்றுவிக்க முனைந்தவரிடமிருந்து வாரம் 250 டாலர் போய்க்கொண்டிருந்தது என்பதும் செனட் விசாரணையில் வெளியாயிற்று. கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்கு இந்த ஏற்பாடு தெரிந்திருந்தால், அவர்கள் வானொலிப் பெட்டியை மூடியிருப்பார்களா என்பது வேறு விஷயம். குறைந்தபட்சம், சொல்லுகிறவரின் குரலில் கலந்திருந்த வேறொருவரின் குரலையும் சேர்த்துக் கேட்டிருப்பார்கள்.

இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே 17 (பி). காசு வாங்கிக்கொண்டு ஒரு பத்திரத்தைப் புகழக்கூடாது என்று அது சொல்லவில்லை. புகழ்ந்துகொள்ளலாம், ஆனால் பெற்றதையும் அதன் அளவையும் முழுமையாக வெளிப்படுத்திவிட வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர், வாங்குபவரின் தோளோடு தோள் உரசி நின்றபடியே விற்பவரிடமும் பணம் பெறுகிறார் என்றால், துண்டைச் சற்று விலக்கு என்று கேட்பதைத் தவிர அந்தச் சட்டம் வேறொன்றும் கேட்கவில்லை.

கிரிப்டோவின் விஷயத்தில் துண்டை விலக்கும் முயற்சி 2017-இலேயே ஆரம்பமாயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, பிரபலஸ்தர்கள் காசு வாங்கிக்கொண்டு டோக்கன் வெளியீடுகளைப் புகழ்வது சட்ட விரோதமாகக்கூடும் என்று எஸ்.இ.சி. பகிரங்கமாக எச்சரித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதரும், டி.ஜே. காலித் என்ற இசைக் கலைஞரும் சிக்கினார்கள். ‘சென்ட்ரா டெக்’ என்ற நிறுவனத்தின் டோக்கனைப் புகழ்வதற்காக முன்னவர் 1,00,000 டாலரும் பின்னவர் 50,000 டாலரும் பெற்றிருந்தனர். வேறு இரண்டு வெளியீடுகளையும் சேர்த்தால் மேவெதர் பெற்றது 3,00,000 டாலர். அந்தச் சென்ட்ரா டெக்கோ, விசா, மாஸ்டர்கார்டு ஆகியவற்றோடு தனக்குத் தொடர்பு உண்டு என்று கதை கட்டி, இல்லாத நிர்வாகிகளுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதிய நிறுவனம். அதன் ஸ்தாபகர்களில் ஒருவருக்குப் பிற்பாடு 8 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2020-இல் நடிகர் ஸ்டீவன் சீகல். 2023 மார்ச்சில், ஜஸ்டின் சன் என்பவரின் டிரான் முதலிய டோக்கன்களை, காசு பெற்றதைச் சொல்லாமல் விளம்பரம் செய்ததாகப் பாடகர்கள், நடிகை உள்ளிட்ட எட்டுப் பேர். பட்டியல் நீளுகிறது, சாரம் ஒன்றுதான்.

ஒரு வழக்கு மட்டும் சற்று நின்று பார்க்கத் தக்கது. கூடைப்பந்து வீரர் பால் பியர்ஸ், அதே எத்தீரியம் மேக்ஸைப் புகழ்வதற்காக 2,44,000 டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள டோக்கன்களையே சன்மானமாகப் பெற்றார் என்றும், பெருந்தொகை இருப்பையும் லாபத்தையும் காட்டும் கணக்குப் படம் ஒன்றை ட்விட்டரில் வெளியிட்டபோது, அவருடைய சொந்த இருப்பு உண்மையில் அதைவிட மிகக் குறைவாக இருந்தது என்பதைச் சொல்லவில்லை என்றும் ஆணையம் குற்றம் சாட்டியது. 2023 பிப்ரவரியில் அவரும், ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 14 லட்சம் டாலருக்குச் சற்று அதிகமாகச் செலுத்தச் சம்மதித்தார். சன்மானம் ரொக்கமாக வரும்போது புகழ்பவரின் சுயநலம், வரிகளை வெளியிட்டதோடு முடிந்துபோகிறது. டோக்கனாக வரும்போதோ, அதன் விலை ஏறி, அவர் விற்று முடிக்கும் வரை அந்தச் சுயநலம் உயிரோடு இருக்கிறது. வாங்குங்கள் என்று சொல்லும் அதே மனிதர், அதை நம்பி வாங்க வருபவருக்கே விற்கப்போகிறவராகவும் இருக்கிறார். ‘ஆட்’ என்ற ஒரு சொல்லில் இது எப்படி அடங்கும்?

இப்போது இந்தத் தொழில் எவ்வளவு விஸ்தாரமாகிவிட்டது என்பதற்கு, 2025 செப்டம்பரில் வெளிவந்த ஒரு பட்டியல் சான்று. ஜாக்எக்ஸ்பிடி என்ற புனைபெயரில், கிரிப்டோ மோசடிகளைத் துருவி ஆராய்ந்து வெளியிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், 200-க்கும் மேற்பட்ட இன்ஃப்ளூயன்சர்கள் ஒரு பதிவுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்ற விலைப்பட்டியலையும், பணம் போய்ச் சேர வேண்டிய வாலட் முகவரிகளையும் அம்பலப்படுத்தினார். ஒப்பந்தத்துக்கு உடன்பட்ட 160-க்கும் மேற்பட்ட கணக்குகளில், தாம் வெளியிட்டது விளம்பரம் என்று சொன்னவை ஐந்துகூட இல்லை என்பது அவருடைய கணிப்பு. இதில் இடம்பெற்றவர்கள் கர்தாஷியனைப் போல உலகறிந்தவர்கள் அல்லர். சில ஆயிரம், சில லட்சம் பேரிடம் விஷயம் தெரிந்தவர் என்ற நம்பிக்கையைப் பெற்றவர்கள். நடிகையின் வாக்கை நம்பாத படித்த இளைஞன், இவர்களுடைய வாக்கை நம்புவான். ஆகவே தீங்கு இங்கேதான் அதிகம் என்று எமக்குத் தோன்றுகிறது.

வெளியிடத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களின் வாதங்களையும் புறக்கணித்துவிடலாகாது. எல்லாருக்கும் தெரிந்த ரகசியத்தைச் சொல்லுவதால் என்ன பிரயோஜனம் என்பது ஒன்று. வாங்குகிறவன் தன் புத்தியை உபயோகிக்க வேண்டாமா என்பது இன்னொன்று. இது ஆலோசனை அன்று என்று முன்னதாகவே சொல்லிவிட்டோமே என்ற மூன்றாவது வாதத்தில் சாரம் இல்லை. ஏனெனில் காசு வாங்கினாயா என்பது கேள்வியாக இருக்கும்போது, ஆலோசனை சொல்லவில்லை என்பது பதிலாகாது. முதல் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. அதைவிடக் கனமான ஓர் ஆட்சேபம், இந்த வாதப் பிரதிவாதங்களில் அதிகமாகப் பேசப்படாத ஓர் இடத்திலிருந்து, அதாவது உளவியல் ஆராய்ச்சியிலிருந்து வருகிறது.

டெய்லியன் கெய்ன், ஜார்ஜ் லோவென்ஸ்டீன், டான் மூர் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நாணயங்கள் நிரம்பிய கண்ணாடி ஜாடியைத் தூரத்திலிருந்து சில விநாடிகள் மட்டும் பார்த்தவர்கள், உள்ளே எவ்வளவு பணம் இருக்கிறது என்று கணிக்க வேண்டும். அருகில் நின்று நிதானமாகப் பார்த்த ஆலோசகர்கள் அவர்களுக்கு யோசனை சொல்வார்கள். கணிப்பு எவ்வளவு சரியோ அவ்வளவு கூலி கணிப்பவருக்கு. ஆலோசகர்களில் ஒரு சாராருக்கோ, கணிப்பு எவ்வளவு உயருகிறதோ அவ்வளவு கூலி. இந்த ஏற்பாட்டை மறைத்து வைத்தபோது ஆலோசகர்கள் கணக்கைக் கூட்டிச் சொன்னார்கள், இது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஏற்பாட்டைக் கணிப்பவருக்குத் தெரிவித்துவிட்டபோது, ஆலோசகர்கள் முன்னைவிட இன்னும் அதிகமாகக் கூட்டிச் சொன்னார்கள். உண்மையைச் சொல்லியாயிற்று, இனி ஜாக்கிரதையாக இருப்பது கேட்பவனின் பொறுப்பு என்ற எண்ணம் அவர்களுடைய மனச்சாட்சிக்கு விடுமுறை கொடுத்துவிட்டது போலும். கேட்டவர்களும் அந்த யோசனையைச் சற்றுத் தள்ளுபடி செய்தார்கள். தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்குச் செய்யவில்லை.

இதைக் காட்டி, வெளிப்படுத்துதலே வீண் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. பரிசோதனை போதிப்பது அதுவன்று என்பது எம் துணிபு. ஆலோசகரின் நலன் தம் நலனுக்கு மாறானது என்று அறிந்த பிறகும், அந்த யோசனையிலிருந்து எத்தனை பங்கு கழிப்பது என்பதுதான் கணித்தவர்களுக்குத் தெரியவில்லை. விளம்பரம் என்ற சொல் கழிக்கச் சொல்கிறது. எவ்வளவு கழிக்க என்று சொல்வதில்லை. ஒரு டோக்கனைப் புகழ 2,50,000 டாலர் கொடுக்கப்பட்டது என்ற செய்தி, புகழ்பவரைப் பற்றிச் சொல்வதைவிடக் கொடுத்தவரைப் பற்றி அதிகமாகச் சொல்கிறது: பிறந்து ஒரு மாதமான, பெயர் தெரியாதவர்களின் சரக்கு ஒன்றிடம் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது, இதைத் திரும்ப எடுக்க அவர்கள் எவரிடம் விற்க உத்தேசித்திருக்கிறார்கள் என்ற கேள்விகளைத் தொகை மட்டுமே எழுப்புகிறது. 1933-இல் சட்டம் இயற்றியவர்கள் தொகையையும் கேட்டது இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், கேட்டது சரியே.

ஆனால் அந்தச் சட்டத்தின் கை, பத்திரம் என்று கருதப்படும் சரக்கு வரைதான் நீளும். 2025 பிப்ரவரி 27-ஆம் தேதி, மீம் காயின்கள் எனப்படும் வேடிக்கை டோக்கன்கள் பொதுவாகப் பத்திரங்கள் ஆகா என்று எஸ்.இ.சி.யின் ஒரு பிரிவு அபிப்பிராயம் வெளியிட்டது. அந்த நிலைப்பாட்டின்படி, காசுக்குப் புகழ்வது மிக மலிந்திருக்கும் துறையே 17 (பி)யின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. அமெரிக்க வர்த்தகக் கமிஷனான எஃப்.டி.சி.யின் பொதுவான வழிகாட்டுதல்கள் மிஞ்சுகின்றன, விளம்பரம் செய்பவருக்கும் புகழ்பவருக்கும் உள்ள சம்பந்தத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதோடு அவை திருப்தியடைகின்றன, தொகையைக் கேட்பதில்லை.

மற்ற தேசங்கள் வேறு வழிகளில் போயிருக்கின்றன. பிரிட்டனில் 2023 அக்டோபர் 8 முதல், உரிய அங்கீகாரமின்றிக் கிரிப்டோவை விளம்பரம் செய்வது இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஸ்பெயினில், கால்பந்து வீரர் இனியஸ்டா 2021 நவம்பரில் பைனான்ஸ் என்ற கிரிப்டோச் சந்தை நிறுவனத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதியபோது, அந்நாட்டுச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு அதே ட்விட்டரில் அவருக்குப் பகிரங்கமாகப் புத்தி சொன்னது. சில வாரங்களில், ஒரு லட்சம் பேருக்கு மேல் சென்றடையும் கிரிப்டோ விளம்பரங்களைப் பத்து நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. நம் நாட்டில் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலான ஏ.எஸ்.சி.ஐ., இன்ஃப்ளூயன்சர்கள் விளம்பரத்தை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்ற விதியை 2021 ஜூன் 14 முதலும், கிரிப்டோ விளம்பரங்களில் ஒழுங்குமுறைக்கு உட்படாதவை, மிகுந்த ஆபத்துள்ளவை என்ற எச்சரிக்கை வாசகம் இடம்பெற வேண்டும் என்ற விதியை 2022 ஏப்ரல் 1 முதலும் அமலுக்குக் கொண்டுவந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறான விளம்பரத்தில் தோன்றியவருக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். இவற்றில் எதுவும் வாங்கிய தொகையை வாசகனுக்குச் சொல்லச் சொல்லவில்லை.

தொகையைச் சொல்லவைப்பது கஷ்டம், யார் போய்ச் சரிபார்ப்பது என்று அதிகாரிகள் தயங்கக்கூடும். வேறெந்தச் சந்தையிலும் இந்தத் தயக்கம் பொருந்தும். இந்தச் சந்தையில் பொருந்தாது. லாகார்டியாவுக்குக் காசோலைகள் நிரம்பிய பெட்டி தேவைப்பட்டது. கிரிப்டோவிலோ, எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த நிமிஷத்தில், எத்தனை டோக்கன் போயிற்று, அவை எப்போது கைமாறின என்பதெல்லாம் பெரும்பாலும் பிளாக்செயின் பேரேட்டில் எவரும் பார்க்கும்படி எழுதப்பட்டே இருக்கின்றன. இன்ன முகவரி இன்னாருடையது என்பது ஒன்றுதான் அதில் இல்லை. ஜாக்எக்ஸ்பிடியின் பட்டியலிலோ, விலைகளோடு வாலட் முகவரிகளும் இருந்தன. விளம்பரப் பதிவின் அடியில் ஹேஷ்டேக்குக்குப் பதிலாக, சன்மானம் வந்து சேர்ந்த முகவரியையே எழுத வேண்டும் என்று விதித்துவிட்டால், தொகையும், கொடுத்தவரின் முகவரியும், புகழ்ந்தவர் தம் டோக்கன்களை விற்ற நாளும் தாமே வெளிவந்துவிடும். பத்து நாள் முன்னறிவிப்புக் கேட்ட ஸ்பெயினின் விதியைப் போன்றதொன்றிலோ, எச்சரிக்கை வாசகத்தை வகுத்துக் கொடுத்திருக்கும் நம் கவுன்சிலின் விதிகளிலோ அதற்கென ஒரு வரி கூட்டுவதற்கு அதிகச் செலவு ஆகப்போவதில்லை.